இரண்டு பூட்டுப் போட்ட ட்ரம்பெட்

நகர பேண்டின் முதல் ட்ரம்பெட்காரருக்கு டபுள் பூட்டு என்று பட்டப்பெயர். காரணம் வேறொன்றுமில்லை, அவருடைய ட்ரம்பெட் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒன்றை உடைக்கத் தெரிந்தவனுக்கு இன்னொன்றை உடைக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராவது விளையாட்டாகக் கேட்டுவிட்டால் போச்சு. இவன் ஏன் இதையெல்லாம் யோசிக்கிறான் என்று அன்றிலிருந்து அந்த ஆள்மேல் ஒரு கண் வைத்துவிடுவார். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில், இடுப்பு பெல்ட்டில் தொங்கும். குளிக்கப் போனால் வளையமும் கூடவே குளிக்கப் போகும்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் ஊதினால் ஊதினதுதான். சாயங்காலம் பூங்கா மேடையில் அவர் ட்ரம்பெட்டைத் தூக்கினால், வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த நாதம் தன் உதட்டில் இருக்கிறது என்று அவர் நம்பவில்லை. வாத்தியத்தின் உள்சுவரில் இத்தனை வருஷமாகப் படிந்திருக்கிறது என்று நம்பினார். அதனால் வெளியே கண்ணாடி மாதிரி துடைப்பாரே தவிர, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவியதில்லை. ரிப்பேர்காரரிடம் கொடுக்கலாமே என்றால், அந்த ஆளைப் பற்றி அவர் சொல்லும் கதையே வேறு.

"அவன்கிட்ட கொடுத்தா நல்ல வால்வையெல்லாம் கழட்டிட்டு ஓட்ட வால்வைப் போட்டுக் கொடுப்பான். எனக்குத் தெரியாதா?"

"யாருக்காவது அப்படிப் பண்ணியிருக்கானா?" என்று கேட்டால், "பண்ணினா சொல்லிட்டா பண்ணுவான்?" என்பார். இதற்கு மேல் என்ன பேசுவது!

வீட்டில் காலை சாதகமும் இதே லட்சணம்தான். மாடியில் வாடகை வீடு. கீழே மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் கடை. ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டுத்தான் ஊத ஆரம்பிப்பார். பாலிஷ் நாற்றம் உள்ளே வரக் கூடாது என்பது வெளியே சொல்லும் காரணம். இரண்டாம் ட்ரம்பெட் வாசிக்கும் இளந்தாடிக்காரன் தெருவில் நின்று தன் வித்தையைக் காதால் திருடிவிடுவான் என்பது உள்ளே இருக்கும் காரணம். அவன் ஊரின் அந்தக் கோடியில் குடியிருந்தான் என்பதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலையில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் இருமல் வந்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு மத்தியானம் ஆனால் உடம்பு வெதுவெதுவென்று சுடும், குளிர் எடுக்கும், மறுநாள் விடிந்தால் சரியாகிவிடும். அப்புறம் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பூங்கா மேடையில் ஒரு நீளமான சுரத்தை இழுக்கும்போது நடுவில் காற்று அறுந்துபோனது. பக்கத்து நாற்காலியில் இருந்த இளந்தாடிக்காரன் சட்டென்று அந்தச் சுரத்தைத் தான் பிடித்துக்கொண்டு, கேட்பவர்களுக்குத் தெரியாமல் முடித்து வைத்தான். உதவி என்றுதான் நாம் சொல்லுவோம். டபுள் பூட்டு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குத்தானே இவன் காத்திருந்தான்!

சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை பார்த்த அவர் மனைவிதான் அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போவதற்கு முன்னால் அவர் அவளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார்.

"நான் ஊதுறவன்னு டாக்டர்கிட்ட மூச்சு விடக் கூடாது."

இதை அவருடைய கிறுக்கு என்று தள்ளிவிட முடியாது. அந்த பேண்டில் ஊதுகிற எல்லாருக்கும் இருந்த வழக்கம் இது. முன்பு பெரிய பித்தளைக் குழல் ஊதும் ஹாரன்காரர் ஒருவர் இருந்தார். நெஞ்சுவலி என்று போனவர் வெள்ளந்தியாகத் தொழிலைச் சொல்லிவிட்டார். இனிமேல் ஊதக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பேண்டு அலுவலகம் அவரை மேடையிலிருந்து இறக்கி, பூங்கா வாசலில் நாற்காலி போட்டு டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தது. உள்ளே பேண்டு முழங்கும்போது அந்த மனிதர் வெளியே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்த டாக்டர் கேட்டாலும், கிளாரினெட்காரரும் சொல்லுவது டிரம் அடிக்கிறேன், ஹாரன்காரரும் சொல்லுவது டிரம் அடிக்கிறேன். அந்த ஊர் டாக்டர்களைக் கேட்டால் நகர பேண்டில் டிரம்மைத் தவிர வேறு வாத்தியமே கிடையாது என்று சொல்லியிருப்பார்கள்.

டபுள் பூட்டுக்கு அதுவும் போதவில்லை. பேண்டு என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது என்று முடிவு செய்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று நுரையீரல் டாக்டரம்மா கேட்டார்.

"துணிக்கடையில கணக்கு எழுதுறேன்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பழைய கட்டடமா? பேப்பர் தூசி, ஒட்டடை, ஈரம், இப்படி ஏதாவது?"

"புதுக் கட்டடம். பளிங்கு மாதிரி இருக்கும்."

"வீட்டுல புறா, கிளி, கோழி?"

"ஒரு குருவிகூட எங்க ஜன்னல் பக்கம் வராது." அதாவது ஜன்னல் திறந்தால்தானே!

வார்டில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்க மூடுபனி படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. அழற்சி என்றார்கள். ஆனால் எந்த வகை அழற்சி, எந்தப் பக்கம் போகப் போகிறது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலிலிருந்து ஊசிமுனையளவு துண்டுகளை எடுத்தார்கள். கண் விழித்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை துண்டு எடுத்தீங்க? பரிசோதனைக்குப் போக மீதி எங்க?" என்பதுதான். நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வார்டில் படுத்திருந்த நாட்களில் அவருக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் பாதியாகக் குறைந்தது. வீடு திரும்பி, ஜன்னலைச் சாத்தி, ட்ரம்பெட்டை எடுத்த வாரத்திலேயே எல்லாம் பழையபடி வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் சாகக் கிடக்கிறேன் என்று அவர் யோசித்தார். நல்ல யோசனைதான். ஆனால் அது போன திசையைப் பாருங்கள். அப்படியென்றால் வீட்டில் யாரோ ஏதோ செய்கிறார்கள்!

பரிசோதனை முடிவு கேட்கப் போன அன்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார்.

"உங்க உடம்புல எந்த செல்லை எடுத்தாலும் உள்ள இருக்குற ஜீன் எல்லாம் ஒண்ணுதான். ஆனா எல்லாமே எப்பவும் வேலை செய்யாது. எது வேலை செய்யுது, எது சும்மா இருக்குன்னு அந்தத் துண்டுல பாத்தோம். ஒரு பேண்டுன்னு வச்சுக்கோங்களேன். மேடையில எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஆனா இப்ப யாரு ஊதுறா, யாரு மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கான்னு கேக்குறோம்ல, அந்த மாதிரி."

டபுள் பூட்டு ஆடிப்போனார். பேண்டு! யாரு ஊதுறா! அவர் காதில் அதற்குமேல் பாதிதான் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பாட்டுக்கு டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு!

"தழும்பு உண்டாக்குற ஜீன்கள் உங்களுக்கு இப்போதைக்கு மெதுவாத்தான் வாசிக்குது," என்றார் டாக்டரம்மா. "எதிரிய வெரட்டுற ஜீன்கள்தான் காது கிழிய ஊதுது. வெளிய இருந்து மூச்சோட ஏதோ உள்ள போகுதுங்க. அது பெரிய எதிரியாகூட இருக்காது. ஒரு தூசியா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம். உங்க நுரையீரல் அதைக் கண்டாலே சந்தேகப்பட்டு அடிக்கக் கிளம்பிடுது. அந்தச் சண்டையில அடி வாங்குறது உங்க நுரையீரலேதான்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் இவர மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்குற விஷயம் இல்லம்மா. உள்ள போறது என்னன்னு கண்டுபிடிச்சு இப்பவே நிறுத்தினா அழற்சி தணியும். விட்டுட்டா அந்தத் தழும்பு ஜீன்கள் பாட்டைத் தன் கையில எடுத்துக்கும். தழும்பு விழுந்த இடம் திரும்ப மூச்சு வாங்காது. மாத்திரை எழுதுறேன், ஆனா மாத்திரை மட்டும் போதாது. வீட்டுல என்ன இருக்குன்னு நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்."

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ் போட்டுவிட்டு அவர் கேட்டார்.

"எப்பச் சொன்ன?"

"எதை?"

"நான் ஊதுறவன்னு. நான் மயக்கத்துல கெடந்தப்பவா?"

"கையடிச்சுக் கொடுத்திருக்கேன். நான் சொல்லலங்க."

"அப்ப அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? உலகத்துல வேற உதாரணமே கெடைக்கலையா? பேண்டாம், ஊதுறாங்களாம்!"

அவள் என்ன சொல்லுவாள்? சொல்லாததைச் சொல்லவில்லை என்று எத்தனை தடவை சொல்ல முடியும்! மாத்திரை போடும் நேரமாயிற்றே என்று ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெளிய இருந்து ஏதோ உள்ள போகுது என்று டாக்டர் சொன்னது அவர் மண்டையில் சுழன்றது. மூச்சோடு என்று சொன்னதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

"முதல்ல நீ குடி," என்றார்.

கேட்டீர்களா அக்கிரமத்தை! இத்தனை வருஷம் அவர் இருமினால் இவள் எழுந்து உட்கார்ந்தவள். டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்தாள். உள்ளே போய் நாலு துணியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்க அண்ணன் வீட்டுல இருப்பேன். யாரைப் பாத்தும் பயமில்லாம நிம்மதியா இருங்க," என்றாள். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு டபுள் பூட்டு தன் வீட்டைத் தானே காவல் காத்தார். தண்ணீரைத் தானே காய்ச்சினார். தலையணையைத் தூக்கி எறிந்தார், திரைச்சீலையைக் கழற்றினார், மூலை முடுக்கெல்லாம் ஈரத் துணியால் துடைத்தார். கீழே இருந்த பாலிஷ் கடைக்காரரைத் தேடிப் போய்ச் சண்டை பிடித்தார். அந்த மனிதர், "அண்ணே, கடை சாமானெல்லாம் வேற இடத்துக்கு மாத்தி மாசக்கணக்காச்சு. பூட்டித்தான் கெடக்கு. வாசம் எங்கிருந்து வரும்?" என்று கூட்டிவந்து கதவைத் திறந்தே காட்டினார். உள்ளே வெறும் சுவர்.

பேண்டின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் ட்ரம்பெட் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. இளந்தாடிக்காரனுக்கு அதை விட்டுக்கொடுப்பதற்கு அவர் என்ன ஏமாந்தவரா? காலையில் மட்டும் ஊதியவர் இப்போது மத்தியானமும் ஊதினார். ஊத ஊத மூச்சு குறைந்தது. சட்டை பட்டன் போடுவதற்கே நடுவில் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. மனைவி இல்லை, தலையணை இல்லை, பாலிஷ் இல்லை. சந்தேகப்படுவதற்கு வீட்டில் ஆளே இல்லை. ஆனாலும் நோய் முற்றிக்கொண்டே போனது. அதுதான் அவரை நிஜமாகப் பயமுறுத்தியது.

ஒரு நாள் காலை, கீழ்ச் சுரம் ஒன்று கொழகொழவென்று அடைத்துக்கொண்டு வந்தது. இரண்டு மூன்று தடவை ஊதிப் பார்த்தார். அதே அடைப்பு. பளிச்சென்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இளந்தாடிக்காரன்! ஒத்திகையில் ஏமாந்த நேரம் பார்த்து உள்ளே எதையோ திணித்துவிட்டான்! ஆதாரத்தோடு பிடித்து அலுவலகத்தில் நிறுத்துகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ட்ரம்பெட்டின் வளைந்த இழுகுழாயைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. எத்தனையோ வருஷமாக இறுகிப்போன குழாய் அது. வெந்நீர்த் துணி சுற்றி, எண்ணெய் விட்டு, முட்டியில் வைத்து முறுக்கினார். ஒரு முனகலோடு கழன்று வந்தது.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு உள்ளிருந்து கறுப்பும் பச்சையுமாக, வழவழவென்று ஏதோ ஒன்று வழிந்து வேட்டி மேல் விழுந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கோடி வரை பூஞ்சை கம்பளம் விரித்த மாதிரி பூத்திருந்தது. நாதம் படிந்திருக்கிறது என்று அவர் காப்பாற்றிவந்த உள்சுவர் அது.

பாவி, இவ்வளவையா அடைத்து வைத்தான் என்று வாய் முணுமுணுத்தது. முணுமுணுத்த வாய் பாதியில் நின்றது. கை தானாக இடுப்புக்குப் போனது. வளையம் இருந்தது. இரண்டு சாவியும் இருந்தன. இளந்தாடிக்காரன் தொட்டதில்லை. மனைவி தொட்டதில்லை. ரிப்பேர்காரர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டியைத் திறந்தது ஒரே ஒரு ஆள்தான். ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய் வழியாகவே மூச்சை உள்ளே இழுத்துப் பழகியவரும் அதே ஆள்தான். ஆயுசு முழுக்க ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தவர், அன்றைக்குப் பிடித்தே விட்டார்.

அவர் எழுந்து, இழுத்துச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தார்.

மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நடந்து போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கையில் ட்ரம்பெட் பெட்டி. கதவைத் திறந்த மச்சான், திட்டுவதற்காகத் திறந்த வாயை அவர் உதடு நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை, உள்ள வந்து உக்காருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார்.

அவள் வந்து நின்றாள். அவருக்குப் பேச மூச்சு வரவில்லை. பெட்டியைக் காட்டினார். இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி அவளிடமே நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தொட்டறியாத சாவி. அவள் திறந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், உடனே அவளுக்குப் புரிந்துபோனது.

"டாக்டர்கிட்ட போகணும். நீயும் வா," என்றார்.

"நான் வந்து என்னத்த? நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நானே சொல்றேன்."

டாக்டரம்மா பெட்டிக்குள் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"துணிக்கடைன்னீங்களே?"

"பொய் சொன்னேன் மேடம்." தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் அந்தக் கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டும்விட்டார். "ஆனா நீங்க அன்னைக்குப் பேண்டு, ஊதுறதுன்னு சொன்னீங்களே. உங்களுக்கு யாரு சொன்னா?"

"எதை? ஓ, அதுவா! நான் ஜீன் பத்தி யாருக்குச் சொன்னாலும் அதத்தான் சொல்றது. உங்களுக்கு முன்னாடி வந்த பேக்கரிக்காரருக்கும் அதேதான் சொன்னேன்."

டபுள் பூட்டு மனைவி பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தெம்பில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் நாள் பார்த்த அதே ஜன்னல்.

வாத்தியத்திலிருந்து எடுத்த பூஞ்சையையும் அவர் ரத்தத்தையும் சோதித்ததில் எல்லாம் பொருந்தி வந்தது. புதிதாக எடுத்த ஸ்கேனையும் டாக்டரம்மா எடுத்துக் காட்டினார். மூடுபனி இருந்த இடம் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றார். கீழ்ப்பகுதியில் மட்டும் வலைவலையாகக் கோடுகள் விழுந்திருந்தன.

"இது தழும்பு. இது போகாது. முதல் நாளே தொழிலைச் சொல்லியிருந்தீங்கன்னா இது விழுந்தே இருக்காது."

அப்போதுதான் அவள் அழுதாள். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"எத்தனை தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு தெரியுமா? சொல்லித் தொலைச்சிருக்கலாம். நீங்க எப்படியும் சொன்னேன்னுதான் நெனைச்சீங்க. சொல்லியாவது இருக்கலாம்!"

டபுள் பூட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று யாரைத் துரத்தினாரோ, அவள் காட்டிக்கொடுக்காததால்தான் அந்தத் தழும்பு விழுந்தது.

ஆண்டு விழாவில் இளந்தாடிக்காரன்தான் தனியாக வாசித்தான். நன்றாகவே வாசித்தான். டபுள் பூட்டு கூட்டத்தில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், ஊதுகிறவர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து, ஒவ்வொருவரும் தத்தம் குழாயைத் திறந்து காட்டுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். சந்தேகப் புத்தி எங்கே போகும்! திறந்தவர்களில் சிலபேருக்கு முகம் வெளுத்துப்போனது. அடுத்த வாரம் அதே டாக்டரம்மாவிடம் கிளாரினெட்காரர் போய், நான் டிரம் அடிக்கிறவன் இல்லை என்று சொன்னாராம்.

அவருடைய ட்ரம்பெட் ரிப்பேர்காரரிடமிருந்து கழுவி வந்தது. வால்வெல்லாம் பழைய வால்வேதான். கொஞ்சகாலம் கழித்து, மூச்சுப் பரிசோதனை பார்த்துவிட்டு, தினம் சிறிது நேரம் மட்டும் ஊதலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊதும் முன்பும் பின்பும் கழுவியாக வேண்டும். அவர் பெட்டியை மனைவி முன்னால் வைத்து, சாவி வளையத்தையும் மேலே வைத்தார்.

"ரெண்டையும் நீயே வச்சுக்கோ. எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல."

அவள் யோசித்தாள். வளையத்தைப் பிரித்து ஒரு சாவியை எடுத்துத் தன் சேலையில் முடிந்துகொண்டாள். மற்றதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் திறக்கும்."

பிறகு அடுப்படிக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். மாத்திரை நேரம். வைத்தவள் நகராமல் நின்றாள். அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.